அட்டையில் இருந்த ஊசி

எங்கள் படிவத்தில் பதினோராவது கேள்வி அது: குழந்தைக்குத் தட்டம்மைத் தடுப்பூசி போடப்பட்டதா? அதற்குக் கீழே பொடி எழுத்தில் ஒரு குறிப்பு இருக்கும். தடுப்பூசி அட்டை இருந்தால் அட்டையில் உள்ளதை எழுதவும், அட்டை இல்லாவிட்டால் மட்டும் தாயிடம் கேட்கவும். அந்தக் குறிப்பைச் சேர்த்தவள் நான்தான். தாய்மார்களின் ஞாபகம் தப்பும், எழுதி வைத்தது தப்பாது என்று படித்த காலத்தில் என் மண்டையில் ஏற்றியிருந்தார்கள். அதை அப்படியே இறக்கி வைத்திருந்தேன்.

அரியலூரைத் தனி மாவட்டமாக்கிவிட்டு, கொஞ்ச நாளிலேயே மறுபடியும் பெரம்பலூரோடு சேர்த்துவிட்ட சமயம். சுகாதார நிலையங்களில் பதிவேட்டுத் தலைப்பில் மாவட்டப் பெயரை அடித்து அடித்து எழுதியிருப்பார்கள். ஊசி போட்ட குழந்தைகளுக்கும் தட்டம்மை வருகிறதே, ஏன் என்பதுதான் என் ஆராய்ச்சி. மருந்து ஐஸ் பெட்டியில் ஊர் ஊராகப் போகும்போது வழியில் எங்கேயோ வெயிலில் கெட்டுப்போகிறது என்பது என் ஊகம். ஊகம் என்று நாகரிகமாகச் சொல்கிறேன், ஆசை என்பதுதான் சரி. அது நிரூபணமானால் எனக்குப் பெயர் கிடைக்கும். அதனால் அம்மை கண்ட குழந்தையின் அட்டையில் ஊசி போட்ட தேதியைப் பார்த்தால் உள்ளுக்குள் ஒரு சந்தோஷம் வரும். இதைச் சொல்ல இப்போதும் கூசுகிறது.

மீன்சுருட்டிப் பக்கம், முந்திரிக்காட்டை ஒட்டிய ஒரு சின்னக் குடியிருப்பில் வாசலுக்கு வாசல் வேப்பிலை செருகியிருப்பதாகத் தகவல் வந்தது. அங்கே தட்டம்மையை மணல்வாரி என்பார்கள், அது கண்டால் அம்மனே வீட்டுக்கு வந்ததாக, அம்மா வந்திருக்கு என்பார்கள். அம்மா வந்திருக்கும் வீட்டில் ஊசி, மருந்து, வெளியாள் எதுவும் ஆகாது. நான் வாசலில் நின்றே கேள்வி கேட்பேன், உள்ளேயிருந்து அரைகுறையாகப் பதில் வரும். இந்த ஜனங்களை என்றைக்குத் திருத்துவது என்று அலுத்துக்கொண்டே எழுதுவேன்.

அன்றைக்குப் புதன்கிழமை, ஊசி போடும் நாள். அந்தப் பக்கத்து ஐந்து ஊர்களுக்கும் ஒரே கிராம நர்ஸ். ஐம்பதைத் தொட்ட அம்மாள். ஐஸ் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு டவுன் பஸ்ஸிலும் நடையிலுமாகவே அந்த ஐந்து ஊரையும் பார்த்துக்கொண்டிருந்தார். குழந்தைகளின் அட்டைகளை அவர் தாய்மாரிடம் கொடுப்பதில்லை. கூரையில் செருகி வைப்பார்கள், மழையில் ஊறிப்போகும், எலி கடிக்கும் என்று தெருவாரியாக ரப்பர் பேண்டு போட்டுத் தன் பையிலேயே வைத்திருந்தார். காலையில் அந்தக் கட்டுகளை என்னிடம் கொடுத்துவிட்டு, பால்வாடிக்கு வந்த ஐந்தாறு குழந்தைகளுக்குத் தட்டம்மை ஊசி போட்டார். "பக்கத்து ஊருக்குப் போயிட்டு மத்தியானம் இப்படியேதான் வருவேன், டாக்டரம்மா" என்று கிளம்பினார். நேர்த்தியான கையெழுத்து, விடுபடாத தேதிகள். ஆராய்ச்சி செய்கிறவளுக்கு இதைவிட என்ன வேண்டும்? மனசு குளிர்ந்து போனது.

அடிபம்பு அருகே நின்று எழுதிக்கொண்டிருந்தபோது ஒரு பெண் இடுப்பில் குழந்தையோடு வந்தாள். இருபத்து மூன்று வயது இருக்கலாம். முந்திரிக்கொட்டை உடைத்து உடைத்து விரல் நுனியெல்லாம் எண்ணெய் பட்டுக் கறுத்திருந்தது. தன் வீட்டுப் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டுத்தான் பேச ஆரம்பித்தாள்.

"டாக்டரம்மா, இதுக்கு மணல்வாரி ஊசி போட்டு வுடுங்க. பக்கத்து வூட்டுல ஓரகத்தி மவனுக்கு அம்மா வந்திருக்கு. நாங்க முந்தாநாள்தான் காட்டுலேர்ந்து வந்தோம். இந்தப் புள்ள அவன் மேலயே போயி வுழுவுது."

"வீட்டுல ஒத்துக்குவாங்களா?"

"எங்க மாமியாருக்குத் தெரிஞ்சா கொன்னே புடும். நீங்க இங்கயே போட்டு வுட்டுருங்க, நான் பாத்துக்கிறேன்."

குழந்தையின் பெயரைக் கேட்டு, கட்டைப் புரட்டி அட்டையை எடுத்தேன். பத்து மாதப் பெண் குழந்தை. ஒன்பது மாதம் முடிந்ததும் போட வேண்டிய ஊசி, சித்திரையில் ஒரு புதன்கிழமை போட்டதாகப் பளிச்சென்று எழுதியிருந்தது.

"இவளுக்குத்தான் போட்டாச்சேம்மா. இதோ பாருங்க."

"போடலிங்க. சித்திரை பூரா நாங்க முந்திரிக்காட்டுல கெடந்தோம். அங்க யாரு வந்து போட்டா?"

"வேற ஊசியை நெனச்சுக்கிட்டுச் சொல்றீங்க."

"நான் பெத்த புள்ளைக்கு ஊசி போட்டதும் போடாததும் எனக்குத் தெரியாதுங்களா?"

அப்போது எனக்குத் தெரிந்திருந்ததை ஒளிக்காமல் எழுதுகிறேன். நோய் தொற்றி மூன்று நாளைக்குள் ஊசி போட்டால் பெரும்பாலும் தப்பிக்கலாம். ஒருவேளை முன்பே போட்டிருந்தாலும் இன்னொரு தடவை போடுவதால் எந்தக் கெடுதலும் இல்லை. பால்வாடியில் திறந்த மருந்து நர்ஸ் அம்மாளின் ஐஸ் பெட்டியில் மிச்சம் இருந்தது, அவர் மத்தியானம் அதே வழியாகத்தான் வரப்போகிறார். ஆனால் என் ஆராய்ச்சியில் இருக்கும் குழந்தைக்கு நடுவில் இன்னொரு ஊசி போட்டால் கணக்கு குழம்பிப் போகும். அட்டை போட்டாச்சு என்கிறது, பிறகு என்ன? "ஒண்ணும் பயப்படாதீங்க, இவளுக்கு வராது" என்று அனுப்பி வைத்தேன். அவள் இரண்டடி நடந்து, திரும்பி என்னைப் பார்த்துவிட்டுப் போனாள். நான் பதினோராவது கேள்விக்கு எதிரே 'ஆம்' என்று எழுதினேன்.

அம்மனை நம்பி ஊசி வேண்டாம் என்கிறார்கள் என்று ஊர் ஊராகக் குறை சொல்லித் திரிந்தவள் நான். மாமியாருக்கும் அம்மனுக்கும் பயப்படாமல் தானாக வந்து ஊசி கேட்ட ஒருத்தியை நானே திருப்பி அனுப்பினேன்.

பதினைந்து நாள் கழித்து மறுபடி போனபோது அவள் வீட்டு வாசலிலும் வேப்பிலை இருந்தது. குழந்தைக்கு உடம்பெல்லாம் பொரிந்திருப்பதாகப் பக்கத்து வீட்டில் சொன்னார்கள். ஊசி போட்டும் அம்மை கண்ட இன்னொரு குழந்தை என்று குறித்துக்கொண்டேன். அவள் வெளியே வரவில்லை. உள்ளே குழந்தை இருமிக்கொண்டே இருந்தது. அந்த இருமலைக் கேட்டும் நான் உள்ளே போகவில்லை. அம்மா வந்திருக்கும் வீட்டு வழக்கத்தை மதிக்கிறேன் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். நான் திரும்பி வந்த பிறகு சளி கட்டி, மூச்சு இளைத்து, கடைசியில் ஒரு ஆட்டோவில் ஜெயங்கொண்டம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள். போய்ச் சேர்வதற்குள் குழந்தை இறந்துவிட்டது.

சேதி தெரிந்ததும் நான் முதலில் ஓடியது சுகாதார நிலையத்து ஃப்ரிட்ஜைச் சோதிக்கத்தான். என் புத்தி அப்படி. தெர்மாமீட்டர், தினசரி வெப்பநிலை எழுதும் தாள், ஐஸ் கட்டிகள், எதிலும் குறை இல்லை. நர்ஸ் அம்மாள் பின்னாலேயே வந்து நின்றார்.

"மருந்து மேல தப்பில்ல, டாக்டரம்மா. அந்தப் புள்ளைக்கு ஊசியே போடல."

புதன்கிழமை கை ஒழியாது என்பதால் செவ்வாய்க்கிழமை மத்தியானமே அட்டைகளில் தேதி எழுதி வைத்துவிடுவது அவர் பழக்கம். வராத குழந்தைகளின் தேதியைச் சாயங்காலம் அடித்துவிடுவார். முந்திரி சீசனில் பாதித் தெரு காட்டுக்குப் போய்விடும். ஒரு மருந்துக் குப்பியைத் திறந்தால் பத்துக் குழந்தைகளுக்கு வரும், மிஞ்சியதை அன்றைக்கே கொட்டிவிட வேண்டும். காட்டில் இருக்கும் இரண்டு பிள்ளைகளுக்காக எப்படித் திறப்பது? திரும்பி வந்ததும் போட்டுக்கொள்ளலாம் என்று அந்தத் தேதிகளை அடிக்காமல் விட்டிருக்கிறார். பிறகு போலியோ முகாம், கூட்டம், பயிற்சி என்று அலைந்ததில் மறந்துபோனது. முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு அழுதார். எனக்குக் கோபம் வரவில்லை. அவராவது மறந்தார். எனக்கு ஒருத்தி நேரில் வந்து சொல்லியிருந்தாள்.

மறுநாளே நாங்கள் இருவரும் அட்டைக் கட்டுகளைத் தொடாமல் வீடு வீடாகத் தாய்மாரிடம் கேட்டோம். போடவில்லை என்று சொன்ன குழந்தைகளுக்கெல்லாம் போட்டோம். நான் எழுதிய அறிக்கையின் பேரில் நர்ஸ் அம்மாளுக்கு மெமோ வந்தது, பிறகு இடமாற்றமும் வந்தது. எனக்கு மெமோ கொடுக்க யாருக்கும் தோன்றவில்லை.

இறந்த குழந்தை என் படிவத்தில் இன்னும் 'ஆம்' என்றே இருந்தது. அதை அங்கேயே அடித்துத் திருத்தியிருக்கலாம். தாயிடம் கேட்காமல் எழுதியதைத் தாயிடம் கேட்காமல் திருத்த மனம் வரவில்லை. ஒரு மாதம் கழித்துப் போனேன். அவள் வீட்டுப் பக்கத்து மர நிழலில் முந்திரிக்கொட்டை உடைத்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கவில்லை, போ என்றும் சொல்லவில்லை. எதிரே மண்ணில் உட்கார்ந்தேன்.

"நீங்க சொன்னதுதாம்மா சரி. ஊசி போடல. அட்டையில தப்பா இருந்துச்சு. நான் உங்கள நம்பாம அத நம்பிட்டேன். தப்பு என்னோடது."

படிவத்தை எடுத்து மடியில் விரித்தேன்.

"நீங்க ஒரு தடவை சொன்னீங்கன்னா, திருத்தி எழுதிக்குவேன்."

கையில் இருந்த கொட்டையை உடைத்து, பருப்பைத் தட்டில் போட்ட பிறகுதான் நிமிர்ந்தாள்.

"அன்னிக்கும் இதத்தான சொன்னேன். அப்ப எழுதியிருந்தா எம் புள்ளைக்குப் போட்டிருப்பீங்க. இப்ப எழுதி யாருக்குப் போடப் போறீங்க?"

பேனாவை மூடிப் பைக்குள் வைக்கப் போனேன்.

"எழுதிக்கங்க" என்றாள். "சித்திரையில நாங்க காட்டுல இருந்தோம். எம் புள்ளைக்கு ஊசி போடல."

எழுதினேன். எழுதியதை ஒரு தடவை படிக்கச் சொன்னாள். நான் படிக்கப் படிக்கத் தலையை ஆட்டிக்கொண்டே கேட்டாள்.