டுவேன் சுண்டி எறிந்த வில்லை

பில் போடுவதற்கு முன்பே டுவேன் ப்ரெபிச் பேனாக்கத்தியை எடுத்துவிடுவார். புது ஷவரைக் கவிழ்த்து, கழுத்துக்குள் கத்தி முனையை விட்டு, உள்ளே இருக்கும் சின்னப் பச்சை வில்லையை நெம்பி எடுப்பார். தண்ணீர் வேகமாகக் கொட்டாமலிருக்கச் சட்டப்படி வைக்கிற வில்லை அது. கட்டைவிரலால் ஒரு சுண்டு. எனக்குப் பின்னால் இருக்கும் குப்பைத்தொட்டியில் போய் விழும். இந்த ஹார்டுவேர் கடையில் பதினோரு வருடமாக நிற்கிறேன், ஒரு தடவைகூட அவர் குறி தப்பியதில்லை.

"வாஷிங்டன்ல ஒருத்தன் உக்காந்துக்கிட்டு என் முதுகுக்குத் தண்ணி அளக்கறான், மார்னி. அவன் என்னிக்காவது சுரங்கத்துல வேலை பாத்திருக்கானா?"

எங்கள் ஊர் ஹிப்பிங்கில் பாதிப் பேர் இதைக் கேட்டுச் சிரிப்பார்கள். மீதிப் பேர் தங்கள் வீட்டு ஷவரையும் கழற்றிக்கொண்டு வந்து அவரிடம் நீட்டுவார்கள். என் வீட்டு வில்லையும் அவர் நெம்பியதுதான். "தண்ணின்னா அறையணும். தடவிக் குடுக்க நாம என்ன பூனைக்குட்டியா?" என்பார்.

இரும்புச் சுரங்கத்தில் முப்பத்தொரு வருடம். சிவப்புத் தூசி காதுக்குள்ளும் கழுத்து மடிப்பிலும் அப்பிக் கிடக்கும். அப்போது அந்த வேகம் வேண்டியிருந்தது, ஒப்புக்கொள்கிறேன். ஓய்வு பெற்று ஆறு வருடம் ஆகிறது. தூசி போய்விட்டது, மனிதர் மாறவில்லை. வருடத்துக்கு ஒரு ஷவர் மாற்றுவார், போனதைவிடப் பெரியதாக.

நல்ல மனிதர் என்றும் எழுத வேண்டும், எழுதிவிட்டேன். பனி கொட்டினால் யாரும் சொல்லாமலே வந்து எங்கள் கடை வாசலை வாரிவிட்டுப் போவார். காப்பியை மட்டும் நன்றாக ஆறவிட்டுத்தான் குடிப்பார். சூடு பட்டால் அவர் நாக்குத் தாங்காதாம்.

அவர் மனைவி ஆர்லீனுக்கு மார்பில் புற்றுநோய். போன இலையுதிர் காலத்தில் கதிர்வீச்சு கொடுத்தார்கள். ஜனவரியில், வாசலில் முழங்கால் அளவு பனி கிடக்கும்போது, ஆர்லீன் கடைக்கு வந்து ஒரு பூவாளி வாங்கினார். பனிக்கா தண்ணீர் ஊற்றப் போகிறீர்கள் என்று நான் கேலி செய்தேன். குளிக்க என்றார். சட்டைக் காலரைக் கொஞ்சம் விலக்கிக் காட்டினார். தோல் வெந்து உரிந்திருந்தது. என் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

டுவேனிடம் சொல்லவில்லையா என்று கேட்டேன்.

"முப்பத்தெட்டு வருஷமா சொல்றேன். வலிக்குதுங்கறேன். 'வேகம் நல்லா இருக்குல்ல'ங்கறார்."

பிப்ரவரி கடைசியில் ஆர்லீன் தன் தங்கை வெர்னா வீட்டுக்குக் குளிக்கப் போனார். அங்கேயே தங்கிவிட்டார். டுவேன் அடுத்த வாரமும் வந்து கடை வாசலை வாரினார். வெர்னாதான் தன் மனைவியைக் கெடுத்துவிட்டாள் என்றார். எனக்கு வந்த ஆத்திரத்தில் அவருக்குக் காப்பியைக் கொதிக்கக் கொதிக்கக் கொடுத்தேன்.

போன சனிக்கிழமை காலை மறுபடி வந்தார். ஷவர்கள் மாட்டியிருக்கும் சுவருக்கு முன்னால் ஒரு மணி நேரம் நின்றார். ஒவ்வொன்றாக எடுத்து முன்கையின் உள்பக்கத்தில், வெளுத்த தோலின் மேல், வைத்துப் பார்த்தார். தண்ணீரே வராத ஷவரில் என்ன தெரியும்? பிறகு என்னைக் கூப்பிட்டார்.

"இதுல எதும்மா வலிக்காது?"

பதினோரு வருடத்தில் அவர் இந்தக் கேள்வியைக் கேட்டதில்லை. நீளக் குழாய் வைத்த கை ஷவர் ஒன்றை எடுத்துக் கொடுத்தேன். இது யாருக்கு என்றும் கேட்டேன், வேண்டுமென்றேதான்.

"நாலு மணிக்கு வர்றா. மீதித் துணிமணிய எடுத்துட்டுப் போக." ஷவரையே பார்த்துக்கொண்டிருந்தார். "மாட்டி வச்சுட்டா, ஒரு தடவை கையை நீட்டிப் பாருன்னு சொல்லலாம்ல?"

சொல்லலாம் என்றேன். பில் போடத் திரும்பினேன். குப்பைத்தொட்டியில் டக்கென்று ஒரு சத்தம். வழக்கம்போலக் கத்தியை எடுத்து, வழக்கம்போல நெம்பி, வழக்கம்போலச் சுண்டியிருந்தார்.

இரண்டு பேரும் தொட்டியைப் பார்த்தோம்.

அவர் கல்லாவைச் சுற்றி வந்து தொட்டி முன்னால் மண்டியிட்டார். காப்பிச் சக்கை, கிழிந்த அட்டை, ஈரத்தாள் எல்லாவற்றையும் கையால் கிளறி வில்லையைக் கண்டுபிடித்து, சட்டையில் துடைத்தார். ஊரில் நூற்றுக்கணக்கில் நெம்பி எடுத்தவர், ஒன்றைக்கூடத் திரும்பப் போட்டதில்லை. எந்தப் பக்கம் மேலே வரவேண்டும் என்று தெரியாமல், மண்டியிட்டபடியே அதை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, இப்படியும் அப்படியும் திருப்பிக்கொண்டிருந்தார்.