தம்பி கடை கம்ப்ரஸர்

கர்த்தருக்குள் அன்பானவர்களே, இதைச் சொல்ல எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் சொல்ல வேண்டும்.

சங்கரன்கோவிலில் ராஜபாளையம் ரோட்டில் பஞ்சர் கடை வைத்திருக்கிறேன். போன சித்திரையில் என் தம்பி சாமுவேல் எனக்கு எதிரிலேயே கடை போட்டான். தொழிலை அவனுக்குக் கற்றுக்கொடுத்தவன் நான். பெரிய கம்ப்ரஸர் ஒன்றைப் பழையதாக வாங்கிச் சிவப்புப் பெயிண்ட் அடித்து வைத்தான். டிராக்டர், லாரி எல்லாம் அங்கே போயின. அதன் மோட்டார் ஓடும் சத்தம் கேட்டாலே எனக்குச் சோறு இறங்காது. ஆலயத்தில் அவன் இருந்த பக்கம் நான் திரும்புவதில்லை.

ஒரு வியாழக்கிழமை ஜாக்கி கேட்க அவன் கடைக்குப் போனேன். கம்ப்ரஸர் டேங்கில் சேஃப்டி வால்வைக் காணோம். காற்று கசிகிறது என்று கழற்றிவிட்டு, அந்த ஓட்டையில் போல்ட்டை முறுக்கியிருந்தான். அழுத்தம் கூடினால் வெளியேற வழியில்லை. டேங்க் கிழிந்துவிடும். அது எனக்குத் தெரியும். சொல்லவில்லை. 'வெடித்தால் வெடிக்கட்டும்' என்று உள்ளே ஒரு குரல். அது பிசாசு அல்ல, நான்தான்.

ஞாயிறன்று திருவிருந்தில் அப்பத்தை வாங்கக் கை நீளவில்லை. வெளியே வந்து வேப்பமரத்தடியில் அழுதேன். "ஆண்டவரே, அவனைக் காப்பாற்றும். சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நீரே திறந்துவிடும்."

மறுநாள் காலையில் கடை திறந்ததும் போனேன். மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. அவன் டேங்கை ஒட்டி உட்கார்ந்து டயர் கழற்றிக்கொண்டிருந்தான். ரோட்டில் நின்றபடியே கத்தினேன்.

"ஏலே சாமு, மோட்டாரை நிறுத்துலே! அந்த போல்ட்டு டேங்க வெடிக்க வச்சிரும்!"

"என் கடை ஓடுதது ஒனக்குப் பொறுக்கல. அதான் பயங்காட்டுதே."

"ஆமாலே, பொறுக்கலதான்! வியாழக்கிழமையே பாத்துட்டேன். வெடிக்கட்டும்னு சொல்லாம இருந்தேன்!"

அவன் முகம் மாறியது. டயர் லீவரை வீசிவிட்டு ஓடிவந்து என் சட்டையைப் பிடித்தான். "நீயெல்லாம் அண்ணனாலே?"

அந்த நொடி வெடித்தது. இருவரும் தரையில் விழுந்தோம். டேங்கின் அடித்தகடு பிய்ந்து, அவன் உட்கார்ந்திருந்த இடத்தைத் தாண்டிப் பின்சுவரை உடைத்துக்கொண்டு போயிருந்தது. கூரையில் ஒரு தகடு மிச்சமில்லை. சாமுவுக்குக் காது இரைந்தது, முழங்கை சிராய்த்தது, அவ்வளவுதான். என் சட்டையை அவன் விடவே இல்லை. பிடித்தபடியே அழுதான்.

நான் நல்ல வார்த்தை சொல்லியிருந்தால் அவன் எழுந்திருக்கவே மாட்டான். என் அசிங்கத்தை என் வாயாலேயே சொல்ல வைத்து, அந்தக் கோபத்தாலேயே அவனை வெளியே இழுத்தார் ஆண்டவர்.

கூரையும் சுவரும் சரிசெய்து, வால்வோடு வேறு கம்ப்ரஸர் வைத்தான். இன்றும் அவன் கடையில்தான் கூட்டம். எரிச்சல் சில நாள் வரத்தான் செய்கிறது. வந்ததும் ஜெபத்தில் சொல்லிவிடுகிறேன், அவனிடமும் சொல்லிவிடுகிறேன். சிரிக்கிறான்.

உங்களுக்கும் யார்மேலாவது இப்படி எரிச்சல் இருந்தால், மனசு சுத்தமான பிறகு ஜெபிக்கலாம் என்று காத்திருக்காதீர்கள். அழுக்கோடேயே போய்க் கேளுங்கள். என் ஜெபத்தைக் கேட்டவர் உங்கள் ஜெபத்தையும் கேட்பார்.