கடல் சிலந்திக்கு உப்பு

என் மனைவி றோசலின் ஆராய்ச்சிக்காரர்களுக்கு விலங்குப் படம் வரைபவள். லிந்துலைத் தேயிலைத் தோட்டத்தில் எங்கள் லயத்துக் காம்பரா, அந்த ஒற்றை அறைதான் அவளுக்கு ஆபீஸ். அன்று மேசைமேல், வெள்ளைத் தட்டில், ஸ்பிரிட்டுக்குள் ஓர் ஆழ்கடல் சிலந்தி கிடந்தது. பல்கலைக்கழகத்து ஷிஹாப் சார் கொடுத்தனுப்பியது. ஒன்றே ஒன்றுதான். படம் சரியாக வந்தால் அவரிடமே நிரந்தர வேலை. நான் மூச்சுவிடக்கூடப் பயந்து நின்றேன்.

என்ன பிராணி சாமி அது! உடம்பு என்று சொல்ல ஒரு தீக்குச்சித் துண்டு. மற்றதெல்லாம் கால், எட்டு நீளக் கால்கள். முன்னால் ஓர் உறிஞ்சுகுழல். வெளிச்சமே எட்டாத குளிர்ந்த ஆழத்தில் சேற்றின்மேல் நடக்குமாம். கண் கிடையாது. நுரையீரலும் கிடையாது, தோலாலேயே மூச்சாம்.

"கொடலுகூட காலுக்குள்ளதாங்க போவுது" என்றாள். சும்மா அளக்கிறாள் என்று நினைத்தேன்.

அப்போதுதான் பக்கத்து வீட்டு அம்மாக்கண்ணு அக்கா பறித்த கொழுந்தை நிறுத்துக் கொடுத்துவிட்டு உள்ளே வந்தார். மழை நாளில் காலில் ஏறும் அட்டைக்குப் போட உப்புப் பொட்டலம் அவர் இடுப்பிலேயே இருக்கும். றோசலின் கையோரம் தட்டில் ஈரமாகக் கிடந்ததைக் கண்டதும், "ஐயோ, அட்ட!" என்று உப்பை அள்ளி வீசி, விரலால் சுண்டியும் விட்டார்.

ஒரு கால் நடு மூட்டில் ஒடிந்து தட்டோரம் போய் விழுந்தது.

"கண்ணு தெரியலையாக்கா ஒங்களுக்கு? அவ பொழப்புல மண்ணப் போட்டுட்டீங்களே!" என்று கத்தினேன். அக்கா சுவரோரம் குந்திவிட்டார்.

றோசலினிடம், "முழுக் காலா வரைஞ்சு குடுத்துரு. கேட்டா வழியில ஒடைஞ்சிருக்கும்னு சொல்லிக்கலாம்" என்றேன்.

"தட்டுல இருக்கிறதத்தாங்க வரையணும்." சாருக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்து, நடந்ததை அப்படியே சொன்னாள்.

மாதாவே, வேலை போச்சு என்று நினைத்தேன்.

"ஒடைஞ்ச எடத்துல என்ன தெரியுது?" என்றார் சார்.

லென்ஸை வைத்துப் பார்த்தாள். "கொடலு சார். பழுப்பா, நூலாட்டம்."

"கோவந்தான் வருது. ஆனா மறைக்காம சொன்னீங்களே, அதுக்காகவே ஒங்கள வேலைக்கு எடுக்குறேன். அந்த எடத்தையும் வரைங்க."

றோசலின் அழுதுவிட்டாள். அக்கா மெல்ல எழுந்து வந்து தட்டை எட்டிப் பார்த்தார்.

"நெசமாவே காலுக்குள்ளயா கொடலு?"

"ஆமாக்கா."

மழையில் ஊறி வெளுத்த தன் பாதங்களைப் பார்த்துக்கொண்டார். "அப்ப இதுவும் நம்மாளுதான். இந்தக் காலால மல ஏறலைன்னா நமக்கும் ஏது சோறு?"

அவருக்குத் தேத்தண்ணி ஊற்ற நான்தான் எழுந்தேன்.