சுகந்தி அக்காவின் சிவப்பு வட்டம்

“சுகந்தியை அடுத்த மாதத்தோட நிப்பாட்டுவம். நீர் அனுப்பின படமே சொல்லுதே, முழுநாளும் கதைதான்!”

கொழும்பிலிருந்து மனேஜர் திரையில் தோன்றி, சுகந்தி அக்காவுக்கு முன்னாலேயே இப்படிச் சொன்னார். அந்தப் படத்தை வரைந்தவள் நான்.

ஊர்காவற்றுறையில் எங்களுடையது சிறிய அலுவலகம். வெளிநாட்டு இணையக் கடைகளின் வாடிக்கையாளர்களுக்குப் பதில் எழுதுவது வேலை. கிழமையில் இரண்டு நாள் அலுவலகம். மற்ற நாட்கள் வீட்டிலிருந்து. அலுவலக நாட்களில் யார் யாருடன் சேர்ந்து வேலை செய்கிறார்கள் என்று அறிய, எல்லோர் கழுத்திலும் சென்சர் அட்டை மாட்டி, அது பதிவதைப் படமாக வரைந்து மனேஜருக்கு அனுப்புவது என் பொறுப்பு. அட்டை அறிவது மூன்று:

1. யாருக்கு அருகில் யார்
2. யாரை நோக்கி முகம்
3. எவ்வளவு நேரம் குரல்

என்ன பேசினார்கள் என்பது அதற்குத் தெரியாது. படத்தில் ஒவ்வொருவரும் ஒரு வட்டம்; பேச்சு கூடினால் அது பெரிதாகிச் சிவக்கும். சுகந்தி அக்காவின் வட்டம் பாதித் திரையை அடைத்துச் சிவந்திருந்தது.

காரணம் அலுவலகத்தில் எல்லோருக்கும் தெரியும். புளியங்கூடல் வாணி அக்காவும் கலா அக்காவும் மச்சாள்மார். ஒரு கலியாணவீட்டுச் சண்டைக்குப் பிறகு இருவருக்கும் கதைபேச்சு இல்லை. வாணி அக்கா முறைப்பாடுகளைப் பிரிப்பார். கலா அக்கா தீர்வு சொல்வார். நடுவில் சுகந்தி அக்கா இருக்கும் கதிரை.

“சுகந்தி, அந்தச் சப்பாத்துக்காரி காலுக்குச் சின்னனெண்டு எழுதியிருக்கிறா, என்ன பதிலெண்டு கேளும்” என்பார் வாணி அக்கா.

“கலா, சப்பாத்துக்காரிக்கு என்ன பதிலாம்?”

“மாத்திக் குடுக்கலாம் எண்டு சொல்லும்.”

“வாணி, காது கேக்குதுதானே? மாத்திக் குடுக்கலாமாம்!”

எங்கள் ஊரில் இது அதிசயமில்லை. அதனால் படத்தோடு விளக்கம் எதுவும் போகவில்லை.

மனேஜர் நிப்பாட்டுவம் என்றதும் சுகந்தி அக்கா “சரி, சேர்” என்றார். உண்மையைச் சொன்னால் மற்ற இருவரும் மாட்டுவார்கள் என்று அவருக்குத் தெரியும். “சேர், அது...” என்று நான் தொடங்குவதற்குள் வாணி அக்கா கதிரையைத் திருப்பினார்.

“கலா, நீர் சொல்லுறீரோ, நான் சொல்லட்டோ?”

இருவரும் நேராகப் பேசி நான் அதுவரை கண்டதே இல்லை.

“நீரே சொல்லும்” என்றார் கலா அக்கா, அவர் முகத்தைப் பார்த்து.

“சேர், நாங்கள் ரெண்டு பேரும் கதைக்கிறேல்லை. எங்கட கதையையும் சேர்த்து அவதான் கதைக்கிறா. நிப்பாட்டுறதெண்டா எங்களை நிப்பாட்டுங்கோ.”

மனேஜர் கண்ணாடியைக் கழற்றினார். “ஒரே அறைக்குள்ளயோ?”

“ஓம், சேர்.”

சுகந்தி அக்காவின் வேலை தப்பியது. என் படம் ஒருவரின் சம்பளத்தைப் பறிக்கப் பார்த்ததை நான் இன்றைக்கும் மறக்கவில்லை. இந்த வேலைக்குப் புதிதாக வருபவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதுதான்: படம் மேலிடத்துக்குப் போகுமுன், அதில் வட்டமாக இருப்பவர் அதைப் பார்க்க வேண்டும், ஏன் அப்படி என்பதைத் தன் வாயால் சொல்ல வேண்டும்.