வழித்துணை அக்காவின் இங்கிலீஷ்

நாலு தெரு வந்து முட்டுகிற முனையில் ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவளிடம் வழி கேட்காமல் யார் போவார்கள்? கண் ஆஸ்பத்திரி எங்கே, ரிஜிஸ்தர் ஆபீஸ் எங்கே, பஸ் எங்கே நிற்கும் என்று காலையில் ஷட்டரைத் தூக்கும்போதே ஆரம்பித்துவிடும். தமிழில் கேட்டால் அவளுக்குக் கவலையே இல்லை. உட்கார்ந்த இடத்தைவிட்டு எழாமலே, "நேரா போங்க, தண்ணி டேங்க் வரும். அதை ஒட்டிப் போகாதீங்க, எப்பவும் சொட்டும். எதிர்ப்பக்கமா நடந்து சோத்துக்கைப் பக்கம் திரும்புங்க" என்று சட்டை நனையாமல் கொண்டுபோய்ச் சேர்த்துவிடுவாள்.

இங்கிலீஷில் கேட்டால்தான் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். படிக்கத் தெரியும். நாளெல்லாம் இங்கிலீஷ் காகிதங்களைத்தானே மெஷினில் வைத்து எடுக்கிறாள். ஆள் முகத்தைப் பார்த்துப் பேச வேண்டும் என்றால் மட்டும் லெஃப்டும் ரைட்டும் ஒன்றுக்கொன்று இடம் மாறிக்கொள்ளும். கடை திறந்த புதிதில் ஒரு பெண் வந்து கண் ஆஸ்பத்திரிக்கு இங்கிலீஷில் வழி கேட்டாள். இவள் வாயைத் திறந்தாள், காற்றுதான் வந்தது. வேறு வழி தெரியாமல் செருப்பை மாட்டிக்கொண்டு "கம்" என்றாள். ஆஸ்பத்திரி வாசல்வரை கூட்டிக்கொண்டு போய் விட்டுவிட்டுத்தான் திரும்பினாள்.

அன்றிலிருந்து அதுவே பழக்கமாகிவிட்டது. இங்கிலீஷ் காதில் விழுந்தால் போதும், கால் செருப்பைத் தேடும். அவள் போகிற நேரத்தில் எதிர்க்கடையில் சாவி வெட்டுகிறவர் வந்து உட்காருவார். அவருக்கு ஒரு பக்கம் எடுக்க மட்டும்தான் தெரியும். இரண்டு பக்கமும் வேண்டும் என்பவர்களை "அக்கா வரட்டும்" என்று நிறுத்தி வைத்துவிடுவார். 'வழித்துணை அக்கா' என்று பெயர் வைத்ததும் அவர்தான். அவருக்கு அவளைவிட வயது கூட. ஆனாலும் தெருவுக்கே அவள் அக்கா.

பிளம்பர் வேலை பார்க்கும் கணவர் ஒருநாள் வந்து பார்த்தால், கடையில் நாலு பேர் கையில் காகிதத்தோடு நிற்கிறார்கள், இவளைக் காணோம். திரும்பி வந்ததும் கேட்டார், "நீ ஜெராக்ஸ் கடை வச்சிருக்கியா, ஊர்வலம் நடத்துறியா?"

"வாய் வரலைங்க. கால் வருது, என்ன பண்ண?" என்றாள்.

அந்த நடைகளில் பேச்சே இருக்காது. ஒரு இளஞ்ஜோடி ரிஜிஸ்தர் ஆபீஸ் வரைக்கும் அவள் முதுகுக்குப் பின்னால் இங்கிலீஷிலேயே சண்டை போட்டுக்கொண்டு வந்தது. திருப்பம் வந்தபோது குரல் தணிந்தது. வாசலில் திரும்பிப் பார்த்தால் இரண்டும் கை கோத்து நின்றன. ஒரு வார்த்தை புரியாவிட்டாலும் முழுக்கதையும் அவளுக்குத் தெரிந்துவிட்டது.

இப்படியே போய்க்கொண்டிருந்த காலத்தில்தான் பேப்பர் கட்டை மேலே அடுக்குகிறேன் என்று ஸ்டூலில் ஏறினாள். ஸ்டூல் ஒரு பக்கம், அவள் ஒரு பக்கம். கணுக்காலில் மாவுக்கட்டு போட்டுவிட்டார்கள். காலை நீட்டி உட்கார்ந்தபடி கடையைப் பார்க்கலாம், நடக்கக் கூடாது.

கல்லூரிக்குப் போகிற மகள் சொன்னாள், "அம்மா, ஸ்ட்ரைட், லெஃப்ட், ரைட். இதுக்கு மேல யாரும் உன்கிட்ட இங்கிலீஷ் கேட்கப் போறதில்ல. வீட்லயே பழகு. நான் வெளியூர் ஆளுன்னு வச்சுக்கோ. வேர் இஸ் தி பாத்ரூம்?"

"கோ ஸ்ட்ரைட்" என்று கட்டிலில் இருந்தபடியே ஆரம்பித்தாள். வாட்ச் கட்டிய கை லெஃப்ட் என்று மனதுக்குள் ஒருமுறை பார்த்துக்கொண்டாள். "டர்ன் லெஃப்ட். கிச்சன். நோ கிச்சன். நெக்ஸ்ட்."

அழுக்குக் கையோடு உள்ளே வந்த கணவர் அவளையும் மகளையும் மாறி மாறிப் பார்த்தார். "நான் இந்த வீட்லதான் இருக்கேன். எனக்கு வழி தெரியும்."

கடைக்குத் திரும்பிய முதல் நாளே சோதனை வந்தது. கோட்டும் புது ஷூவுமாக ஒரு பெரியவர். ஷூ கடித்ததோ என்னவோ, காலைத் தூக்கித் தூக்கி வைத்தார். வேற்றுமொழிக்காரர். "ரிஜிஸ்ட்ரார் ஆபீஸ்?" என்றார். பிறகு வாட்ச்சைத் தட்டிக் காட்டி, "மை டாட்டர். மேரேஜ்" என்றார். 

அவள் கால் தானாகச் செருப்பைத் தேடியது. கட்டு இடித்தது. மூச்சை இழுத்துக்கொண்டு சொன்னாள், "கோ ஸ்ட்ரைட், சார். ப்ளூ கேட். நோ ப்ளூ கேட். நெக்ஸ்ட் லெஃப்ட்."

"ப்ளூ கேட்! தேங்க் யூ!" என்று அவர் பறந்தார்.

அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். நீல கேட் வந்தது. அவர் அதைத் தாண்டவில்லை. உள்ளே நுழைந்துவிட்டார். அது பல் டாக்டர் வீடு.

"ஐயையோ! சார்! நோ! கம்!" என்று கத்தினாள். தன் குரல் இங்கிலீஷில் இவ்வளவு சத்தமாக வந்ததை அவளே அப்போதுதான் கேட்டாள். தெரு திரும்பிப் பார்த்தது. வெட்கப்பட நேரமில்லை. "அண்ணே, அவர் பொண்ணுக்குக் கல்யாணம்! பல் டாக்டர்கிட்ட போய் மாட்டிக்கிட்டார்!" என்றாள் சாவிக்காரரிடம். கையில் அரத்தோடே அவர் ஓடினார்.

கொஞ்ச நேரம் ஆனது. அவளுக்கு அது ஒரு யுகம். ஒருவழியாகச் சாவிக்காரர் பெரியவரின் கையைப் பிடித்து வெளியே கொண்டுவந்து, "இந்தாங்கக்கா, சொல்லுங்க!" என்று அங்கிருந்தே கூவினார்.

"ஸ்ட்ரைட்! நெக்ஸ்ட் ரோட்! லெஃப்ட்!"

பெரியவர் ஒரு கையைத் தூக்கிக் காட்டினார். இதுவா?

"நோ! அதர் ஹேண்ட்!"

மறு கையைத் தூக்கினார்.

"யெஸ், சார்! தட் ஹேண்ட்! கோ, கோ!"

அவர் கையைத் தூக்கியபடியே ஓட்டமும் நடையுமாகப் போய், சரியான தெருவில் திரும்பினார். பழக்கடைக்காரி கை தட்டினாள்.

அதற்குப் பிறகு எடுத்த ஜெராக்ஸில் பாதி கோணலாக வந்தது. நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தாரா, மகள் காத்திருந்தாளா என்று மனசு அங்கேயே கிடந்தது. மதியம் அவரே வந்தார். கூடவே மாலையோடு மகளும் மருமகனும். சான்றிதழை நகலெடுக்க வேண்டுமாம். அப்பா வராமல் கையெழுத்துப் போட மாட்டேன் என்று பிடிவாதமாக நின்றதை மகள் நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். இவளுக்குப் புரிந்தது.

"சாரி, சார். ப்ளூ கேட்..." என்று இழுத்தாள்.

பெரியவர் சிரித்துக்கொண்டே வாயைத் திறந்து கடைவாய்ப் பல்லைத் தொட்டுக் காட்டினார். மகள்தான் விளக்கினாள்: சாவிக்காரர் போய்ச் சேர்வதற்குள் டாக்டர் பார்த்தேவிட்டாராம். ரொம்ப நாளாகத் தொந்தரவு கொடுத்த பல். அடுத்த வாரம் வரச் சொல்லியிருக்கிறாராம்.

கட்டு பிரித்த பிறகு வாய்க்குப் பயம் விட்டுப்போயிருந்தது. முதலில் இங்கிலீஷில் கேட்டு வந்த ஆளுக்கு உட்கார்ந்தபடியே மளமளவென்று வழி சொன்னாள். அவன் தேங்க்ஸ் சொல்லிவிட்டுப் போனான். அவ்வளவுதான். அவளுக்கு என்னவோ போல் இருந்தது. எங்கிருந்து வந்தான், யாரைப் பார்க்கப் போகிறான், முகத்தைக்கூடச் சரியாகப் பார்க்கவில்லை. வாய் வராததால்தான் நடக்கிறோம் என்று இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தாளே, அது முழுக்கச் சரியில்லை போலிருக்கிறது. அவசரக்காரர்களுக்கு வாயால் சொல்வது, திகைத்து நிற்பவர்களோடு நடப்பது என்று வைத்துக்கொண்டாள்.

அப்படித்தான் கண் ஆஸ்பத்திரியில் புதிதாக வேலைக்குச் சேர வந்த ஒரு நர்ஸோடு நடந்தாள். இப்போது பேச்சும் சேர்ந்துகொண்டது. போகிற வழியில் 'மை ஹவுஸ்' என்று தன் வீட்டைக் காட்டினாள். அந்தப் பெண் வழியெல்லாம் பேசினாள். பாதி புரிந்தது, மீதிக்கு "யெஸ், யெஸ்" போட்டு வைத்தாள். ஞாயிற்றுக்கிழமை பார்த்தால், அந்தப் பெண் பெட்டியும் படுக்கையுமாக வீட்டு வாசலில் நிற்கிறாள்.

"மாடியில ரூம் தர்றேன்னு சொன்னியாம்மா?" என்றாள் மகள்.

சொல்லியிருக்கிறாள் போலிருக்கிறது. வந்தவளின் முகத்தைப் பார்த்தாள். இல்லை என்று சொல்ல மனம் வரவில்லை. "யெஸ்" என்றாள் மறுபடியும், இந்த முறை தெரிந்தே. மாடி அறையில் கிடந்த பேப்பர் கட்டுகளை மகள் இறக்கினாள். கணவர் முணுமுணுத்துக்கொண்டே குழாயைச் சரிசெய்து கொடுத்தார். அந்த நர்ஸ் இன்னும் அங்கேதான் இருக்கிறாள்.