மூன்றாவது குழாய்

“ஐப்பசி 4, ஞாயிறு. சிதம்பரம், அக்கா வீடு. மாடிக் குழாய் மூன்றும் சுத்தம்.”

என் நாட்குறிப்பில் இருக்கும் பதிவு இது. கையெழுத்து என்னுடையதுதான். ஆனால் அன்றைக்கு நான் சிதம்பரத்தில் இல்லை. கடலூர் முதுநகரில் என் வீட்டில் காய்ச்சலில் படுத்திருந்தேன். அக்காவின் கணவர், மாமா, போனில் சொன்னதை நானே நின்று பார்த்ததைப் போல எழுதிவைத்தேன். ‘மாமா சொன்னது’ என்று இரண்டு சொல் சேர்த்திருக்கலாம். சேர்க்கவில்லை.

பல வருடங்களாக ஐப்பசி முதல் ஞாயிறு என்றால் நான் அந்த மாடியில் இருப்பேன். அடைமழை பிடிப்பதற்குள், மாடியின் மழைநீர் இறங்கும் குழாய் வாய்களில் சேர்ந்த வேப்பஞ்சருகையும் காக்கை போட்டுப்போன எலும்பையும் அள்ளுவேன். பிறகு ஒவ்வொரு குழாயிலும் தனித்தனியாக ஒரு வாளி தண்ணீர் ஊற்றி, அது இறங்கி முடியும்வரை எண்ணி, எண்ணிக்கையை எழுதிக்கொள்வேன். சென்ற ஆண்டு முதல் குழாய்க்கு ஒன்பது, இரண்டாவதுக்கும் ஒன்பது, மூன்றாவதுக்குப் பன்னிரண்டு. மச்சான் குழாய்க்கு நாடி பார்க்கிறான் என்று மாமா தெருவெல்லாம் சொல்லிச் சிரிப்பார்.

தனித்தனியாக ஊற்றுவதற்குக் காரணம் உண்டு. முன்பு மூன்று குழாயும் மூன்று இடத்தில் தரையில் கொட்டிக்கொண்டிருந்தன. எது அடைத்திருக்கிறது என்று கீழே நின்றே சொல்லிவிடலாம். மழைநீர் சேகரிப்பு கட்டாயம் என்று வந்தபோது மூன்றையும் ஒன்றாக இணைத்துக் கொல்லைத் தொட்டிக்குள் விட்டார்கள். அன்றிலிருந்து கீழே ஒரே வாய்தான். இரண்டு குழாய் ஓடினாலும் அது கொட்டும். மூன்றாவது செத்துக் கிடந்தால் கீழே இருப்பவருக்குத் தெரியாது.

அந்த மூன்றாவது குழாய் பின்னறைக் கூரைக்கு உரியது. வீடு, மர உத்திரங்களின்மேல் செங்கல்லைக் குத்தாக அடுக்கிச் சுண்ணாம்பு போட்ட பழைய மாடி வீடு. பின்னறைக் கூரை மட்டும் ஒரு படி தாழ்வு. அங்கே விழும் தண்ணீருக்கு வேறு வழி கிடையாது. அந்த அறையின் நடு உத்திரம் சுவருக்குள் போகும் இடத்தில் உளுத்திருக்கிறது என்று தச்சர் தட்டிப் பார்த்துச் சொன்னதும் என் குறிப்பில் இருக்கிறது. அது நம்மை விட ஜாஸ்தி நாள் இருக்கும் என்று மாமா விட்டுவிட்டார்.

புரட்டாசி 20 அன்று அக்கா மாடிப்படியில் விழுந்தாள். இடுப்பெலும்பு முறிவு. ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்தபோது, கழிவறை பக்கத்தில் இருக்கிறதே என்று அவளைப் பின்னறையில்தான் படுக்கவைத்தோம். ஆறு வாரம் காலை ஊன்றக் கூடாது.

இன்னொரு விஷயத்தையும் இங்கே சொல்லிவிட வேண்டும். சித்திரையில் அக்கா மாடியில் வடகம் போடுவாள். மூன்றாவது குழாயின் சல்லடைத் தகடு துருப்பிடித்துப் போய் எத்தனையோ வருடமாகிறது. அந்த வழியாக எலி ஏறி வந்து வடகத்தைத் தின்றுவிடும். ஆகவே வடகக் காலம் முழுக்க அந்த வாயில் பழைய துணியைப் பந்தாகச் சுருட்டிச் செருகிவைப்பாள். இழுத்தால் வருவதற்கு ஒரு முனையை வெளியே விட்டிருப்பாள். ஆடிப்பெருக்குக்கு முன்னால் எடுத்துவிடுவாள். அந்தத் தெருவில் பாதி வீடுகளில் இது வழக்கம்.

ஐப்பசி 14, புதன். முந்தைய நாள் மதியம் பிடித்த மழை விடவில்லை. காலை ஏழு மணிக்கு மாமா போன் செய்தார்.

“மச்சான், அக்கா ரூம்பு சொவுத்துல ஓதம் ஏறுது. மேலேர்ந்து சொட்டு வேற.”

மூன்றாவது குழாயில் தண்ணீர் போகிறதா என்று கேட்டேன்.

“கீழ வாயில கொட்டோ கொட்டுன்னு கொட்டுது. அடப்பு இருந்தா இப்படிக் கொட்டுமா?”

அந்த ஞாயிற்றுக்கிழமை தனித்தனியாக ஊற்றிப் பார்த்தாரா என்று கேட்டேன். முன்பக்கக் குழாயில் ஒரு வாளி ஊற்றினேன், கீழே வந்தது, இறங்கிவிட்டேன் என்றார். பின்பக்கம் ஏன் பார்க்கவில்லை என்று நான் கேட்கவில்லை. எழுபதை நெருங்கும் மனிதர், மனைவி உருண்டு விழுந்த அதே படியில் ஏறி இறங்கியிருக்கிறார்.

அக்காவை உடனே கூடத்துக்கு மாற்றச் சொன்னேன். கட்டில் வாசல் நிலையில் நுழையாது, தனியாகத் தூக்க முடியாது, கூப்பிட அக்கம்பக்கத்தில் ஆளில்லை, நீ வா என்றார்.

பேருந்து ஆலப்பாக்கம் தாண்டும்போது மறுபடி போன். கட்டில் கால்மாட்டில் பூச்சு பெயர்ந்து விழுந்திருந்தது. புதுச்சத்திரத்துக்குப் பிறகு போன் வரவில்லை. நான் செய்தால் மணி அடித்துக்கொண்டே இருந்தது. டிக்கெட்டின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். பத்தடிக்குப் பன்னிரண்டடிக் கூரை, ஒரு சாண் தண்ணீர் நின்றால் இரண்டரை டன். பி.முட்லூர் வரைக்கும் அதையே திரும்பத் திரும்பப் போட்டேன். விடை குறையவில்லை.

நான் போய்ச் சேர்ந்தபோது மாமா கட்டிலை நடு உத்திரத்துக்கு அடியிலிருந்து மூலைக்கு இழுத்துப் போட்டிருந்தார். கட்டில் விளிம்பில் உட்கார்ந்து அக்காவின் தலைக்குமேல் குடை பிடித்துக்கொண்டிருந்தார். போன் கூடத்தில் கிடந்தது. நடு உத்திரம் சுவரை விட்டு ஒரு விரல் இறங்கியிருப்பது வாசலிலேயே தெரிந்தது.

முதலில் அக்காவைத் தூக்கிவிடுவோம் என்றேன். தரை முழுக்க ஈரம். அக்கா ஒத்துக்கொள்ளவில்லை.

“என்னத் தூக்கிக்கிட்டு நீங்க ரெண்டு பேரும் வழுக்கி வுழுந்தா யாரு யார எழுப்புறது? மொதல்ல தண்ணிய எறக்குடா. ஒன் நோட்டுல அப்பறம் எழுதிக்கலாம்.”

மேலே ஏறினால் என் எடையும் அந்த உத்திரத்தின்மேல்தான் சேரும். மரம் முறிகிற சத்தம் கேட்டால், அக்காவுக்கு வலிக்கும் என்று பார்க்காமல் விரிப்போடு இழுத்து வெளியே போட்டுவிடுங்கள் என்று மட்டும் மாமாவிடம் சொன்னேன். குடையை மடக்கிவிட்டுத் தலையாட்டினார்.

பின்கூரையில் தண்ணீர் கணுக்காலுக்கு மேல் நின்றது. நடுவில் கால் வைக்காமல் கைப்பிடிச் சுவரை ஒட்டிப் பக்கவாட்டில் நகர்ந்து மூலைக்குப் போனேன். சருகை விலக்கிவிட்டுக் குழாய்க்குள் கையை விட்டேன். முழங்கைவரை ஒன்றுமில்லை. தோள்வரை விட்டபோது கன்னம் தண்ணீரில் பட்டது. விரல்நுனியில் துணி தட்டுப்பட்டது. பிடிக்க முனை இல்லை.

துணி காயப்போடும் கம்பியை ஆணியிலிருந்து அவிழ்த்து, நுனியைக் கொக்கியாக மடக்கி உள்ளே விட்டேன். இரண்டு முறை மாட்டி நழுவியது. மூன்றாவது முறை இழுக்கும்போது காலுக்கு அடியில் ஏதோ பொத்தென்று விழுந்தது. கீழிருந்து மாமாவின் குரல் மட்டும் வந்தது. அக்காவின் குரல் வரவில்லை. ஓடிப் பார்க்கலாமா, இழுக்கலாமா என்று தெரியாமல், இழுத்தேன்.

துணி வந்தது. தண்ணீர் பெரிய சத்தத்தோடு உள்ளே பாய்ந்தது. பழக்கதோஷத்தில் எண்ணத் தொடங்கியிருந்தேன். நானூறுக்கு மேல் எண்ணியபோது தளத்தில் சருகு மட்டும் கிடந்தது.

கீழே போனேன். காலையில் அக்கா தலை வைத்திருந்த இடத்தில் ஒரு முறம் அளவுக்குப் பூச்சும் இரண்டு செங்கல்லும் கிடந்தன. மூலையில் மாமா அவள்மேல் கவிழ்ந்தபடி இருந்தார்.

“எறங்கிடுச்சா? அப்ப இந்த மனுசன எழுந்திரிக்கச் சொல்லு. மூச்சு முட்டுது,” என்றாள் அக்கா.

தரையைத் துடைத்துவிட்டு, பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்துத் தூக்கிக் கூடத்தில் விட்டோம். மதியம் உத்திரத்துக்கு இரண்டு இடத்தில் முட்டுக் கொடுத்தாயிற்று.

சாயங்காலம் அந்தத் துணியைப் பிழிந்து காட்டினேன். பச்சைப் புடவையில் கிழித்தது. என்னுடையதுதான் என்றாள் அக்கா. ஆடியில் எடுக்கவில்லையா என்று கேட்டதற்கு, எடுத்தேன் என்றுதான் நினைப்பு என்றாள். துணி நனைந்து ஊறி, சிறு மழையையெல்லாம் மெதுவாகக் கசியவிட்டிருக்க வேண்டும். அதனால்தான் ஆவணி மழையில் யாருக்கும் தெரியவில்லை. வெளியே விட்ட முனை எப்படி உள்ளே போனது என்று தெரியவில்லை. பின்பக்கக் குழாயில் குச்சி விட்டுக் குத்தவே இல்லை என்று நான் கேட்பதற்கு முன்பே மாமா சொன்னார்.

ஐப்பசி 4 பதிவை நான் அடிக்கவில்லை. அடியில் எழுதினேன்: “மேற்கண்டது கேட்டு எழுதியது. பார்த்தது அல்ல. முதல் குழாய் மட்டும் சோதிக்கப்பட்டது.”

புரட்டாசி 20-க்கான பக்கத்தையும் புரட்டினேன். காய்ந்த துணி எடுக்கப் போனபோது விழுந்தாள் என்று எழுதியிருக்கிறேன். அதுவும் மாமா சொன்னதுதான். அன்று காலை முழுக்கத் தூறல் என்று அதே பக்கத்தில் மேலே இருக்கிறது. தூறலில் யாரும் மாடியில் துணி காயப்போடுவதில்லை. எதற்கு ஏறினாய் என்று அக்காவிடம் கேட்டேன்.

“எதுக்கோ ஏறுனேன். இப்ப அது எதுக்குடா?” என்றாள். பச்சைத் துணியை என் கையிலிருந்து வாங்கித் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டாள்.

குழாயில் துணி இருப்பது நினைவு வந்து, அதை எடுக்கத்தான் ஏறினாளா என்பது சரிபார்க்கப்படவில்லை.