நூல் வைத்து அளந்த தூரம்

நான் ஐந்தாம் வகுப்பு வரைதான் படித்தவள். கோணல்மாணலாகத்தான் எழுதுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள். பீடி சுற்றியே முதுகு கூனி, பல்லும் போய், ஊரில் எனக்கு நாற்பது வயதிலேயே கிழவி என்று பேராகிவிட்டது. இது தொண்ணூறுகளில் நடந்தது. எந்த வருஷம் என்பது மறந்துபோய்விட்டது.

எங்களுக்கு ஊர் முக்கூடல். ஐயா ரியாத்தில் கொத்து வேலைக்குப் போயிருந்தார். அம்மை இருமி இருமி எலும்பாகிக் கட்டிலில் கிடந்தாள். டாக்டர் கைவிரித்த மறுநாள் விடியக்காலையில், மாமா கடைத்தெருவுக்குப் போய் ஐயாவுக்குப் போன் போட்டுவிட்டு வந்தார். சைக்கிளைப் பிடித்தபடி வாசலிலேயே கொஞ்ச நேரம் நின்றார். பிறகு உள்ளே வந்து, "யக்கா, அத்தான் ஏழு மணி பிளேன்ல ஏறுதாவளாம்" என்றார்.

அம்மை எழுந்து உட்காரப் பார்த்தாள். "ஏட்டி, ஒங்கய்யா எத்தன மணிக்கு வருவாவ? கணக்குப் போடு."

டீச்சர் இரவல் தந்த அட்லஸை விரித்தேன். அம்மை பீடி கட்டுகிற நூலை எடுத்து ரியாத்திலிருந்து திருவனந்தபுரம் வரை வைத்தேன்.

"இழுத்துப் பிடிட்டி. தொய்ய விட்டா ஒங்கய்யா கடல்ல விழுந்திருவாவ." அம்மை சிரித்தாள். சிரிப்பு இருமலில் போய் முடிந்தது.

அளந்ததில் நாலாயிரம் கிலோமீட்டர் போல வந்தது. விமானம் மணிக்கு எண்ணூறு போகும் என்று ஐயா கடிதத்தில் எழுதியிருந்தார். வகுத்தால் ஐந்து மணி நேரம். அங்கிருந்து காரில் நாலு மணி நேரம்.

"சாயந்தரம் நாலு மணிக்கு வந்திருவாவ" என்றேன். மாமா எழுந்து வெளியே போய்விட்டார்.

அம்மை தலை வாரிவிடச் சொன்னாள். வேண்டாம் என்று தள்ளிய கஞ்சியை இரண்டு மடக்கு குடித்தாள். நாலு மணி ஆனது. நாலரை ஆனது.

"பைய, இன்னொருக்க வச்சுப் பாருட்டி."

வைத்தேன். அதே ஐந்துதான் வந்தது. விளக்கு வைக்கும் முன்னே அம்மை போய்விட்டாள். மறுநாளும் ஐயா வரவில்லை.

பதினாறு கழிந்ததும் மாமா சொன்னார்: "படிச்சது போதும்ளா. ஒங்கம்மை தட்ட எடுத்து மடியில வையி." நான் அழவில்லை. கணக்கைத் தப்பாகப் போட்டதற்குத் தண்டனை என்று நினைத்துக்கொண்டு, பீடித்தட்டை எடுத்து மடியில் வைத்தேன்.

ஐயா வந்தது இரண்டு வருஷம் கழித்து. பாஸ்போர்ட்டை முதலாளி வாங்கிப் பூட்டி வைத்திருந்தானாம், காலில் விழுந்தும் தரவில்லையாம். "அன்னைக்கே போன்ல ஒங்க மாமாட்ட வர முடியாதுன்னு சொல்லிட்டனே" என்றார்.

மாமா காப்பியை ஆற்றிக்கொண்டிருந்தார். "யக்கா நிம்மதியா போகட்டும்னுதான்" என்றார்.

நிம்மதியாகவா போனாள்? கடைசி வரை என் கையிலிருந்த நூலையே அல்லவா பார்த்துக்கொண்டிருந்தாள்.

ரியாத்துக்கும் திருவனந்தபுரத்துக்கும் நாலாயிரம் கிலோமீட்டர் இருக்குமா, ஐந்து மணி நேரம் ஆகுமா? படித்தவர்கள் யாராவது பார்த்துச் சொல்லுங்கள். அந்தக் கணக்கை இதுவரை யாரும் எனக்குத் திருத்தித் தரவில்லை.